ராக்கி மலைகளிலிருந்து வான்கூவர் வரை: கார்ப் பயணத்தின் கடைசி நாட்கள்

மேற்குக் கனடாவுக்குக் காரில் போகப் போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "கடைசி மூணு நாலு நாளுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. பான்ஃபில் எந்த ஓட்டல், லேக் லூயிஸில் எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் மாதக்கணக்கில் தேடிப் படித்திருப்பார்கள். அதற்கப்புறம் இருப்பது ஒரே வரிதான்: "ஜாஸ்பரிலிருந்து வான்கூவர் 800 கி.மீ. தானே, விடியக்காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் போய்விடலாம்." உடம்பு களைத்து, துவைத்த துணி தீர்ந்து, ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு எரிச்சல் தர ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் மலைப்பாதையில் பத்து மணி நேரம் கார் ஓட்டுவது நல்ல யோசனையே இல்லை.

நானும் இவரும் டொராண்டோவில் இருக்கிறோம். 2025 செப்டம்பரில் கால்கரிக்கு விமானத்தில் போய், அங்கே வாடகைக் கார் எடுத்து, வான்கூவரில் திருப்பிக் கொடுத்தோம். கிளம்புவதற்கு முன்னால் நாங்கள் செய்த முக்கியமான காரியம், பயணத்தைப் பின்னாலிருந்து திட்டமிட்டதுதான். திரும்பும் விமானம் என்றைக்கு, அதற்கு முந்தின நாள் எங்கே தங்குவது, அந்த நாளில் ஒரு வேலையும் வைக்கக்கூடாது, அதற்கு முன்னால் எங்கே என்று தலைகீழாக வந்தோம். மலையையும் கடைசிக்கு வைத்தோம். கால்கரியிலிருந்து நேரே பான்ஃப் போகாமல், ட்ரம்ஹெல்லரில் டைனோசர் அருங்காட்சியகம் பார்த்து, எட்மன்டன் போய், அங்கிருந்து ஜாஸ்பருக்குள் நுழைந்தோம். சமவெளியை முதலில் முடித்ததால், நாள் போகப் போகப் பயணம் அழகாகிக்கொண்டே வந்தது. கால்கரியில் எடுத்து வான்கூவரில் விட்டால் வாடகைக் கம்பெனிகள் தனியாக ஒரு தொகை வாங்குவார்கள், அது சின்னத் தொகை இல்லை. ஆனால் திரும்பிக் கால்கரி வரை ஓட்டுவதற்கு ஆகும் பெட்ரோல், தங்கும் செலவு, உடம்பு அலுப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கொடுத்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு. இரண்டு பேர் பெயரையும் ஓட்டுநர்களாக ஒப்பந்தத்தில் எழுத வைப்பதையும் விட்டுவிடாதீர்கள். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது.

ஜாஸ்பரிலிருந்துதான் எங்கள் கடைசிக் கட்டம் ஆரம்பம். 2024 ஜூலையில் அந்த ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. ஜூலை 22 இரவு ஊரையே காலி செய்யச் சொன்னார்கள், இரண்டு நாளில் தீ ஊருக்குள் வந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கட்டடங்களை எரித்துவிட்டது. நாங்கள் போனபோது ஊரின் மேற்குப் பக்கம் தெருத் தெருவாக வெறும் மனைகள். சில மனைகளில் புது வீட்டுக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே மலைச்சரிவு முழுக்கக் கறுத்த மரங்கள் நின்றுகொண்டே இருக்கின்றன, கீழே தரையில் ஃபயர்வீட் செடி சிவந்து படர்ந்திருக்கிறது. "எரிஞ்ச ஊருக்குப் போய் என்ன பாக்கப் போறீங்க?" என்று டொராண்டோவில் சிலர் கேட்டார்கள். அந்த ஊர் பிழைப்பதே வருகிறவர்களால்தான். கடைகள் திறந்திருக்கின்றன, ஏரிகள் அப்படியே இருக்கின்றன. போங்கள், ஒரு ராத்திரியாவது தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள்.

செப்டம்பரில் போனால் ஜாஸ்பரில் இன்னொன்று கிடைக்கும், எல்க் மான்களின் சத்தம். இணை சேரும் பருவம் அது. விடியற்காலை ஆறு மணி இருக்கும், கார் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்ட இவர் வெளியே போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். எங்கள் காருக்கும் விடுதிக் கதவுக்கும் நடுவில் ஒரு கிடா நின்றுகொண்டிருந்தது. கொம்பு ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்கு மேல், நுனிகள் வெளுத்திருந்தன, கொம்புக் கிளையில் ஒரு கொத்துப் புல் சிக்கித் தொங்கியது. கழுத்தை நீட்டி அது கூப்பிட்டபோது முதலில் அடித்தொண்டையில் ஒரு உறுமல், அது மெல்ல ஏறி, காதைத் துளைக்கிற விசிலாகி, கடைசியில் இரண்டு மூன்று முக்கலோடு முடிந்தது. வாயிலிருந்து வந்த ஆவி விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிட்டத்தட்ட அரை மணி நேரம் கதவுக்கு உள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எல்க்கிடமிருந்து குறைந்தது 30 மீட்டர், கரடி, ஓநாயிடமிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. இந்தப் பருவத்தில் கிடா மனிதர்களையும் கார்களையும் முட்ட வரும், அதனால் போட்டோவுக்காகக் கிட்டே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அன்றைக்கு எங்களுக்கு எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியிருக்கவில்லை, அதனால்தான் நின்று பார்க்க முடிந்தது.

ஜாஸ்பரிலிருந்து லேக் லூயிஸ் வரை ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற மலைச்சாலை, 232 கி.மீ. நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். டேங்கை ஜாஸ்பரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் சஸ்காச்சுவன் ரிவர் கிராசிங்கில் மட்டும்தான் பெட்ரோல் உண்டு, அதுவும் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், விலையும் கூடுதல். போனில் சிக்னல் பெரும்பாலான தூரத்துக்குக் கிடையாது. வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அன்று இரவு தங்கப்போகும் இடத்தின் முகவரியையும் கதவுக் குறியீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா பாஸ் பற்றி ஒரு வார்த்தை: நாள் பாஸ் மறுநாள் மாலை நாலு மணி வரை செல்லும். ஏழு நாளோ அதற்கு மேலோ பூங்காக்களுக்குள் இருப்பீர்கள் என்றால் வருட பாஸ்தான் லாபம், ஒரு காரில் ஏழு பேர் வரைக்கும் ஒரே குடும்ப பாஸ்.

அதாபாஸ்கா பனியாறு பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கார் நிறுத்துமிடத்திலிருந்து பனியின் பக்கம் நடக்கும் பாதையில், எந்த ஆண்டில் பனியின் விளிம்பு எங்கே இருந்தது என்று ஆண்டு எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். கடந்த 125 ஆண்டுகளில் அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. இதை எங்கேயாவது படித்தால் ஒரு எண், அவ்வளவுதான். நாங்கள் பிறந்த காலத்துக்குப் பக்கத்திலிருந்த பலகையில் நின்று, அங்கிருந்து இப்போதைய விளிம்பை நோக்கி நடந்தோம். சரளைக்கல் மேட்டில் ஏறி இறங்கி, எதிர்க்காற்றில் மூச்சு வாங்கி நடந்துகொண்டே இருந்தோம், பனி கிட்டே வந்தபாடில்லை. அந்த நடை முழுக்க, நாங்கள் குழந்தைகளாக இருந்த காலத்தில் பனி கிடந்த இடம். இவர் அதிகம் பேசுகிறவர், அன்றைக்குத் திரும்பி வரும்வரை வாயே திறக்கவில்லை. தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பனிமேல் நடக்கவே நடக்காதீர்கள். மேலே தூவிய பனி பிளவுகளை மூடியிருக்கும், விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். பனிமேல் நிற்க ஆசை என்றால் வழிகாட்டியோடு போகும் சுற்றுலா இருக்கிறது. அங்கே தெரியும் ஸ்னோ டோம் சிகரத்தின் பனி உருகி மூன்று பக்கமும் போகிறது: ஒரு பக்கம் பசிபிக், ஒரு பக்கம் ஆர்க்டிக், ஒரு பக்கம் ஹட்சன் விரிகுடா வழியாக அட்லாண்டிக்.

பேட்டோ ஏரியில் பனித்தூறல். மேகம் விலகுமா என்று பார்வைத்திடலில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம், விலகியது, அந்த நீலத்தைப் பார்த்தோம். பனியாறு பாறையை அரைத்து மாவாக்கி நீரில் விடுவதால் வருகிற நிறம் அது, மாவு நீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது.

தங்குவதற்கு லேக் லூயிஸை விட்டுவிட்டு, மலை தாண்டி கோல்டன் ஊரில் இரண்டு இரவு எடுத்தோம். ஒரு மணி நேர ஓட்டம்தான், அறை வாடகை நன்றாகவே குறைவு, சமையலறையோடு கிடைத்தது. சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எங்களோடு எப்போதும் வரும். பயணத்தின் கடைசியில் வயிறு சொந்தச் சாப்பாட்டைத்தான் கேட்கும், இதை அனுபவத்தில் சொல்கிறேன். அங்கிருந்தே மறுநாள் மொரெய்ன் ஏரிக்குப் போய் வந்தோம். 2023 முதல் மொரெய்ன் ஏரிக்குச் சொந்தக் கார் போக முடியாது, பூங்காவின் ஷட்டில் பஸ்ஸிலோ மற்ற பஸ்களிலோதான். பூங்கா ஷட்டிலுக்குக் கோடைக்கு முன்னாலேயே ஒரு பகுதி இருக்கைகளைத் திறந்துவிடுகிறார்கள், மீதி பயண நாளுக்கு இரண்டு நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு, அதுவும் மலை நேரப்படி (ஆல்பர்ட்டா நேரம்), திறக்கும். ஜாஸ்பரில் அறையிலிருந்தபோது இருவரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து பிடித்தோம். செப்டம்பர் கடைசியில் லார்ச் மரங்கள் மஞ்சளாகும் சமயம் என்பதால் கூட்டம் கோடையைப் போலவே இருக்கும்.

கோல்டனுக்கும் லேக் லூயிஸுக்கும் நடுவில் இருக்கும் யோஹோ பூங்காவைப் பலர் கார் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள். டகக்காவ் அருவி, எமரால்டு ஏரி இரண்டுமே போய் நிற்க வேண்டிய இடங்கள். எனக்குப் பிடித்தது சாலையோரத்தில் இருக்கும் சுழல் சுரங்கப் பார்வையிடம். முதலில் போட்ட ரயில் பாதை 4.5 சதவீதச் சரிவு, வண்டிகள் கட்டுப்பாடு இழந்து ஓடின. 1909இல் மலைக்குள் இரண்டு சுரங்கங்களை வளைத்துக் குடைந்து, பாதையை நீட்டி, சரிவைப் பாதியாக்கினார்கள். நீளமான சரக்கு ரயில் வந்தால், எஞ்சின் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து வேறு உயரத்தில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும், வால்பக்கப் பெட்டிகள் இன்னும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். ரயில் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் தயிர்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தோம், வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் குழந்தை மாதிரி கை தட்டினார்.

கோல்டனிலிருந்து ரெவெல்ஸ்டோக் 150 கி.மீ., நடுவில் ரோஜர்ஸ் கணவாய். கடைசி நாட்களில் திட்டம் கலையுமானால் இங்கேதான் கலையும். பள்ளத்தாக்கு குறுகல், இருபக்கமும் பனிச்சரிவுப் பாதைகள். 1910 மார்ச்சில் ஒரு சரிவைச் சுத்தம் செய்துகொண்டிருந்த 58 ரயில் தொழிலாளர்கள் அடுத்த சரிவில் புதைந்து இறந்தார்கள், அதில் பாதிக்கு மேல் ஜப்பானியர்கள். 1962இல்தான் கார் போகும் நெடுஞ்சாலை அதிகாரபூர்வமாகத் திறந்தது. இன்றைக்கும் குளிர்காலத்தில் ராணுவத்தினர் பீரங்கியால் சுட்டு, குவிந்த பனியை முன்கூட்டியே இறக்கிவிடுகிறார்கள். இங்கே சாலை மூடினால் மாற்று வழி என்பது தெற்கே பல நூறு கிலோமீட்டர் சுற்று.

எங்களுக்கு மூடியது. பனி ஒன்றும் இல்லை, முன்னால் ஒரு விபத்து. வரிசையாக வண்டிகள் நின்றுவிட்டன, போனில் சிக்னல் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எங்களுக்கு முன்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் பஞ்சாபிக்காரர், இறங்கி வந்து எங்கள் கார் கண்ணாடியைத் தட்டி, "சாய்?" என்றார். ஃபிளாஸ்கிலிருந்து ஏலக்காய் மணக்க டீ ஊற்றிக் கொடுத்தார், நாங்கள் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினோம். என் இந்தியும் அவர் ஆங்கிலமும் சேர்ந்து நன்றாகவே பேசினோம். வாரத்தில் இரண்டு தடவை இந்தப் பாதையில் ஓட்டுகிறவர் அவர். அவர் சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவரை விட இந்தச் சாலை தெரிந்தவர் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. பெட்ரோல் அரை டேங்குக்குக் கீழே போக விடாதே. இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போகாதே, கியரைக் குறைத்து எஞ்சினே வேகத்தைப் பிடிக்கட்டும். பின்னால் லாரி ஒட்டி வந்தால் பயந்து வேகம் கூட்டாதே, ஒதுங்கும் இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடு. கிளம்பும் முன் டிரைவ்பிசி என்ற, மாகாணத்தின் சாலை நிலவர இணையப் பக்கத்தைப் பார், நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் பார். கார் பின்சீட்டில் போர்வையும் தண்ணீரும் இருக்கட்டும்.

டயர் விஷயத்தையும் அவர்தான் கேட்டார், "அக்டோபர் ஒண்ணு வருது, பார்த்தீங்களா?" என்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம். சாலையோரம் பலகை இருக்கும். டயரின் பக்கவாட்டில் மலைக்குள் பனிச்சில்லு போட்ட முத்திரையோ, எம் பிளஸ் எஸ் என்ற எழுத்தோ இருக்க வேண்டும், பள்ளம் 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வேறு மாகாணத்தில் எடுத்த வாடகைக் காரில் இது இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இவர் கால்கரியிலேயே குனிந்து நாலு டயரையும் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினார். சட்டத்துக்கு எம் பிளஸ் எஸ் போதும், ஆனால் நிஜமான பனியில் பனிச்சில்லு முத்திரை உள்ள டயர்தான் பிடிக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சாலை திறந்து ரெவெல்ஸ்டோக் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மேற்கே போகும்போது வழியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடை திறந்திருந்தது. அன்றே வான்கூவர் போக வேண்டியிருந்தால் அந்த இருட்டில், அந்தக் களைப்பில், இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்க வேண்டும். சும்மா வைத்திருந்த அந்த ஒரு நாள் இருந்ததால் நாங்கள் அன்றைக்குப் பதறவில்லை.

மறுநாள் கிரெய்கெலாச்சியில் நின்றோம். கனடியன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை 1885 நவம்பர் 7 அன்று அடித்த இடம். சாலையோரத்தில் ஒரு சின்ன நினைவுச்சின்னம், ஒரு ரயில் பெட்டி, அவ்வளவுதான், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ஆணி அடிக்கும்போது எடுத்த அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தைப் பாருங்கள். இந்த மாகாணத்தில் பாறையை வெடிவைத்து உடைத்தவர்கள் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள், நூற்றுக்கணக்கில் செத்தவர்களும் அவர்கள்தான், படத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பாதை முடிந்த அதே 1885இல் சீனாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தலைக்கு 50 டாலர் வரி போட்டார்கள், 1903இல் அது 500 ஆனது. குடியேறி வந்து இந்த நாட்டில் வாழ்கிற எங்களுக்கு அந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக மனசு வரவில்லை.

அங்கிருந்து ஷூஸ்வாப் ஏரியை ஒட்டிக் காம்லூப்ஸ். வழியில் ஆடம்ஸ் ஆறு, சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து திரும்பி வரும் இடம். நாலு வருடத்துக்கு ஒரு முறை பெருவரவு: 2018, 2022, அடுத்தது 2026. அந்த வருடம் அக்டோபரில் போகிறவர்கள் ஒரு நாளை அங்கே வைத்துவிடுங்கள்.

காம்லூப்ஸில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். அங்கிருந்து ஹோப் ஊருக்கு இரண்டு வழி. கோக்கிஹாலா நெடுஞ்சாலை அகலம், பல இடங்களில் 120 கி.மீ. வேகம், இரண்டு மணி நேரத்தில் ஹோப். ஃபிரேசர் பள்ளத்தாக்கு வழி போகும் பழைய ஒன்றாம் எண் சாலை வளைந்து வளைந்து போகும், அதைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதல். இவருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது, எனக்குப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம்: ஒரு நாள் அவர் முடிவு, மறுநாள் என் முடிவு, அன்றைக்கு யார் முடிவோ அவர்தான் முதலில் ஓட்ட வேண்டும். அன்றைக்கு என் நாள். "சரி, ஓட்டு" என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். களைத்துப்போன இரண்டு பேர் ஒரே பெட்டிக்குள் அடைந்து கிடக்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் பேசி முடிவெடுக்க முடியாது. கல்யாணமாகி எத்தனை வருடம் ஆனவர்களாக இருந்தாலும், இப்படி ஒன்றை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மலைக்காட்டிலிருந்து வந்த கண்ணுக்குக் காம்லூப்ஸ், கேச் கிரீக் பக்கம் வேறு நாடு மாதிரி இருக்கும். காய்ந்த பழுப்பு மலைகள், மணம் வீசும் சேஜ் புதர். தாம்சன் ஆற்றோடு இறங்கிக்கொண்டே போனால் லிட்டன். 2021 ஜூன் 29 அன்று இங்கே வெயில் 49.6 டிகிரி, கனடாவில் பதிவானதிலேயே அதிகம். மறுநாள் மாலை ஊரே எரிந்துபோனது, இரண்டு பேர் இறந்தார்கள். நாங்கள் போனபோது சில கட்டடங்கள் எழும்பியிருந்தன, பல மனைகளில் வேலி மட்டும்தான். இங்கே தாம்சன் ஆறு ஃபிரேசரில் சேர்கிறது. பச்சை கலந்த நீலமாக ஒன்று, மண் கரைந்த பழுப்பாக இன்னொன்று. உடனே கலப்பதில்லை, ஒரு கரையில் ஒரு நிறமும் மறுகரையில் இன்னொன்றுமாகக் கொஞ்ச தூரம் ஓடுகின்றன, நடுவில் ஒரு கோடு நெளிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கோட்டில் ஒரு மரக்கட்டை மிதந்து போனது, அதன் ஒரு முனை நீலத்தில், மறுமுனை பழுப்பில், சுழன்று சுழன்று கடைசியில் பழுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இவர் தானாகவே சொன்னார், "இந்த வழியா வந்தது நல்லதாப் போச்சு" என்று.

ஹெல்ஸ் கேட்டில் பள்ளத்தாக்கு 35 மீட்டராகக் குறுகி, மொத்த ஃபிரேசரும் அதற்குள் பாய்கிறது. 1914இல் ரயில் பாதை வேலையில் பாறை சரிந்து விழுந்து சால்மன் வரத்தை அடைத்தது, ஆற்றை நம்பி வாழ்ந்த தொல்குடி மக்களின் சாப்பாடே போனது. பிறகு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மீன் ஏறுவதற்குப் படிவழிகள் கட்டினார்கள்.

கடைசி இரண்டு இரவுகளையும் வான்கூவர் நகருக்குள் வைக்காமல் அபட்ஸ்ஃபோர்டில் வைத்தோம், விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு காரணம். அறை வாடகையும் பெட்ரோலும் அங்கே குறைவு. வான்கூவர் பெருநகர எல்லைக்குள் பெட்ரோல் மீது போக்குவரத்துக்கென்று தனி வரி இருக்கிறது, ஆகவே எல்லைக்கு வெளியே நிரப்பி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மட்டும் ஊற்றி ரசீது வைத்துக்கொண்டால் போதும். இன்னொரு காரணம் அந்த லாரி ஓட்டுநர். "அபட்ஸ்ஃபோர்ட் குருத்வாராவுக்குப் போகாம போகாதீங்க" என்று சொல்லியிருந்தார். 1911இல் கட்டிய குர் சீக் கோயில் அங்கே இருக்கிறது, வட அமெரிக்காவில் இன்னும் நிற்கும் குருத்வாராக்களில் மிகப் பழையது, தேசிய வரலாற்றுச் சின்னம். மர அறுவை ஆலையில் வேலை செய்த சீக்கியர்கள் ஆலை கொடுத்த பலகைகளை முதுகில் சுமந்து மேடேறிக் கட்டியது. வெளியே பார்த்தால் வெள்ளையடித்த சாதாரண மரக் கட்டடம். எதிரில் பெரிய குருத்வாராவில் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். பரிமாறிய அம்மா என் தட்டு காலியாகவே விடவில்லை.

மறுநாள் சும்மா இருப்பதற்கென்றே வைத்த நாள். துணி துவைத்தோம், காரைக் கூட்டினோம், சீட்டுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தோம் (என் ஒரு கம்மலும் இவர் மூக்குக்கண்ணாடிப் பெட்டியும் கிடைத்தன). காரை நாலு பக்கமும், கண்ணாடி, டயர், கிலோமீட்டர் எண், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். ஜல்லிச் சாலையில் கல் தெறித்துக் கண்ணாடியில் விரிசல் விழுவது இந்தப் பக்கம் சாதாரணம், உங்கள் காப்பீடு கண்ணாடிக்கும் சேர்த்துத்தானா என்று காரை எடுக்கும்போதே கேளுங்கள். பூங்காவிலிருந்து கல், உதிர்ந்த கொம்பு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

மிச்சம் இருந்தது கரடி ஸ்ப்ரே. மலையில் நடக்கப்போகும் யாரும் அது இல்லாமல் போகக்கூடாது, ஆனால் விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். அடுப்பு கேஸ் டப்பாவும் அப்படியே. குப்பையில் போடுவது ஆபத்து, வெயிலில் காருக்குள் விட்டாலும் சூட்டில் வெடிக்கலாம். கடைசி ஊரில் யாருக்குக் கொடுப்பது என்று முன்பே யோசித்து வையுங்கள், அல்லது சில மலை ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது, அதையே எடுங்கள். எங்கள் விடுதியில் மான்ட்ரியலிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி மறுநாள் கிழக்கே ஜாஸ்பர் கிளம்ப இருந்தார்கள். ஸ்ப்ரே, கேஸ் டப்பா, திறக்காத அரிசிப் பை, நான் எழுதி வைத்திருந்த வழித் தாள் எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்தோம். அரிசியை எவ்வளவு தண்ணீர் வைத்து வேகவிடுவது என்று அந்தப் பெண் கேட்டுக் குறித்துக்கொண்டாள். இவர் அவள் கணவனை வாசலுக்குக் கூட்டிப்போய், அவர்கள் காரின் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்.